பக்கத்து சைட்டு

வா அம்மிணி, வா. செருப்பை அங்கயே விட்டுட்டு உள்ள வா. பிசியோதெரபிக்கு ஒம்போது மணிக்கு வர்றேன்னு சொன்ன புள்ள, இப்ப மணி பத்தாகப் போகுது. திட்டல, சும்மா சொல்றேன். எங்கூட்டுக்காரரு எட்டரைக்கே காப்பியக் குடிச்சுட்டு, ஆபரேஷன் பண்ணுன காலை நீட்டிப் போட்டுட்டு, வாசலையே பாத்துட்டு உக்காந்திருக்காரு. முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்துல என்னைய ஒருநாளாவது இப்படி எதிர்பாத்திருப்பாரா, சொல்லு பாக்கலாம்.

என்னது, கோவில்பாளையத்துல இருந்தா வர்றே? தினமுமா? அங்கிருந்து வடவள்ளிக்கு ஸ்கூட்டர்ல ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகுமே! ஏன் அம்மிணி, உன்ற ஆஸ்பத்திரி இங்க ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்குது? பக்கத்துலயே ஒரு வீடு பாத்துக்க வேண்டியதுதானே?

கிடைக்கலியா. கிடைக்காது. எங்க ஏரியாவுல கிடைக்கவே கிடைக்காது. மருதமலைக் காத்து, சிறுவாணித் தண்ணி, சத்தமில்லாத தெரு. ஆருக்குத்தான் இங்க வர ஆசையில்ல? ஆனா வீடு எங்க இருக்குது? இந்த மயூரி கார்டன்ல புதுசா ஒரு செங்கல் வெச்சு நாலு வருஷம் ஆச்சு. ஏன்னு கேளு. இந்தக் காலத்து பில்டருங்களுக்குத் தைரியம் கிடையாது. அவ்வளவுதான் காரணம். நீ பாட்டுக்கு அவரு காலைப் பாரு, நான் பாட்டுக்குச் சொல்றேன்.

ஏனுங்க, புள்ள சொல்றது கேக்குதா? குதிகாலைப் படுக்கையோட இழுத்து முட்டியை மடக்கோணுமாம். பத்துத் தடவை. வாய்விட்டு எண்ணுங்க.

அதா, அந்த ஜன்னல் வழியாப் பாரு. பார்த்தீனியம் இடுப்பு உசரத்துக்கு நிக்குதே, அந்த சைட்டுதான். பதினெட்டு சென்ட்டு. சுந்தரேசன்னு ஒரு டாக்டரு வீடு அங்க இருந்துச்சு. நல்ல மனுசன். அவரு காலமானதும், ஆஸ்திரேலியாவுல இருக்கிற புள்ளைங்க ரெண்டு பேரும் வீட்டை இடிச்சு, சம்பத்குமார்னு ஒரு பில்டருகிட்ட இடத்தைக் குடுத்துட்டாங்க. அந்த சம்பத்குமாரு நேரா எங்கிட்டத்தான் வந்தாரு. பணிவாத்தான் வந்தாரு. ஒரு கையில பிளானு, ஒரு கையில மைசூர்பா டப்பா.

"டீச்சர், நாலு மாடிங்க. மாடிக்கு நாலு வீடு, மொத்தம் பதினாறு. எல்லாம் ரெண்டு பெட்ரூம். வேலைக்குப் போற சின்ன வயசுக்காரங்க வாங்கற மாதிரி சின்னதாப் போட்டிருக்கேனுங்க. நீங்க குடியிருப்போர் சங்கத்துச் செயலாளரு, உங்க காதுல ஒரு வார்த்தை போடணும்னு வந்தேன்"னாரு.

நானும் பிளானை மேசை மேல விரிச்சுப் பாத்தேன். மைசூர்பாவும் நல்லாத்தான் இருந்துச்சு. "சந்தோசம் தம்பி"ன்னு சொல்லி அனுப்பிச்சேன். அவரு கேட்டைச் சாத்தறதுக்குள்ள எனக்கு ஒரு நினைப்பு வந்துருச்சு. பதினாறு வீடு. வீட்டுக்கு ரெண்டு வண்டி. வீட்டுக்கு ஒரு குக்கரு. காலைல ஏழரை மணிக்குப் பதினாறு குக்கரும் ஒண்ணா விசிலடிச்சா என்ன ஆகறது?

நான் வீடே வேண்டாம்னு சொல்ற ஆளில்ல அம்மிணி. எல்லாருக்கும் வீடு வேணும். மேடை போட்டுக் குடுத்தா ஒரு மணி நேரம் பேசுவேன். ஆனா அது அதுக்குன்னு ஒரு இடம் இருக்குதில்ல? எங்க ஜன்னலுக்கு நேரா எதுக்கு?

முப்பது வருஷம் தமிழ் டீச்சரா இருந்தவ நான். மனு எழுதறதுன்னா எனக்கு அல்வா சாப்பிடற மாதிரி. அன்னைக்கு மத்தியானமே உக்காந்து முதல் மனுவை எழுதிட்டேன். ரோட்டைப் பத்தி. அந்த மாதிரிக் கட்டடத்துக்கு முன்னால ரோடு முப்பதடி அகலம் இருக்கோணும்னு பிளான் பாஸ் பண்ற ஆபீஸ்ல சொல்றாங்க. லேஅவுட்டுப் பேப்பர்ல எங்க தெரு முப்பதடிதான். ஆனா நேர்ல அளந்து பாருங்கன்னு எழுதினேன். ஆளு வந்து டேப்பைப் புடிச்சா, இருபத்தெட்டடி. சம்பத்குமாரு மூஞ்சி சுண்டிப் போச்சு.

ரெண்டடி எங்க போச்சுன்னா கேக்கறே? அது எங்க வீட்டு முன்னால. காம்பவுண்டுச் சுவரு கட்டும்போது கொத்தனாரு கயிறைச் சித்தெ வெளிய தள்ளிப் புடிச்சுட்டாரு. சுவரை ஒட்டி நான் செம்பருத்தி வேற வெச்சேன், நல்லா வந்துருச்சு. அது முப்பது வருஷத்துக்கு முந்துன சமாச்சாரம். அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ரோடு இருபத்தெட்டடிதானே? இருக்கறதத்தானே நான் எழுதினேன்?

எட்டா? எண்ணுனது எனக்குக் கேக்கலியே. சரி, எட்டுன்னே வெச்சுக்கலாம்.

அந்த சைட்டு மூலையில ஒரு வாகை மரம் நின்னுச்சு. பத்து வருஷமா அந்த டாக்டருகிட்டச் சண்டை போட்டேன், மரத்தை வெட்டுங்க, இலையெல்லாம் எங்க தண்ணித் தொட்டியில விழுகுதுன்னு. பாவம், அவரு ரெண்டு தடவ கிளையைக் கழிச்சும் விட்டாரு. சம்பத்குமாரு அதை வெட்டப் போறாருன்னு கேள்விப்பட்டதும் எனக்கு மனசு கேக்கல. ரெண்டாவது மனு. 'தலைமுறைகள் கண்ட தருவினைத் தறிக்கத் துணிவதோ' அப்படின்னு ஆரம்பிச்சேன். அதைப் படிச்சுட்டு ஆபீஸ்ல ஒருத்தரு போன் பண்ணி, "அம்மா, இதுக்கு என்ன அர்த்தம்?"னு கேட்டாரு. தமிழ் எந்த நிலைமையில இருக்குது பாரு. அர்த்தம் சொல்லிக் குடுத்து, மரத்தைக் காப்பாத்தறதுக்கு எட்டு மாசம் ஆச்சு. போன வருஷம் ஆடிக் காத்துல அது தானாவே விழுந்துருச்சு, அது வேற.

பொறவு தண்ணிக்கு ஒரு மனு, எங்க வடாம் காய்ற மொட்டைமாடியில நிழல் விழும்னு ஒரு மனு. அஞ்சாவது மயிலுக்கு. நாங்க தொண்ணூத்திரண்டுல இங்க வீடு கட்ட வந்தப்ப இது பூராவும் சோளக்காடு. பக்கத்துத் தோட்டத்து ரங்கசாமிக் கவுண்டரு வந்து, "அம்மா, நீங்க வீடு கட்டுனா மயிலு வராதுங்களே"ன்னு சொல்லிட்டு நின்னாரு. நாங்க சிரிச்சோம். மனுசன் குடியிருக்கறதா, மயிலு குடியிருக்கறதா? ஆனா இப்பக் காலம் வேற அம்மிணி. இப்ப இயற்கையைக் காப்பாத்தோணும். 'தோகை விரித்தாடும் மயிலினம் துயருறும்'னு எழுதி இவருகிட்டப் படிச்சுக் காட்டுனேன். இவரு, "ஏன் மணி, இது அந்த ரங்கசாமி சொன்னதுதானே?"ன்னாரு. எப்பவுமே இப்படித்தான். வாயே தொறக்க மாட்டாரு. தொறந்தா இப்படி ஏதாச்சும் சம்பந்தமில்லாமச் சொல்லுவாரு.

ஒவ்வொரு மனுவுக்கும் சம்பத்குமாரு பிளானை மாத்தி மாத்திக் குடுத்தாரு. பதினாறு வீடு பன்னெண்டாச்சு. பன்னெண்டு எட்டாச்சு. கடைசியில ரெண்டே மாடி, ஆறு வீடு. எல்லாம் பெரிய வீடு. ஒவ்வொண்ணும் முதல்ல சொன்ன விலைக்கு ரெண்டரை மடங்கு. பாத்தியா பேராசையை? சின்ன வயசுக்காரங்களுக்குக் கட்டறேன்னு சொன்ன ஆளு! அதையும் விடாம எழுதினேன். ஆறாவது மனு. இவ்வளவு விலைக்கு வாங்கறவங்க எப்பேர்ப்பட்டவங்களா இருப்பாங்களோன்னு ஒரு பத்தி. ஒருவேளை விலையைக் குறைச்சுச் சின்ன வயசுக்காரங்க வந்துட்டாங்கன்னா தெருவோட அமைதி என்ன ஆகும்னு இன்னொரு பத்தி. எப்படி வந்தாலும் மாட்டிக்குவாருல்ல?

இந்தச் சமயத்துல எங்க பையன் நவநீதன் மாடியிலதான் இருந்தான். ஒரே பையன். அவனும் மருமக ஹேமப்பிரியாவும் ரெண்டு பேருமே கம்ப்யூட்டரு வேலை, வாரத்துல நாலு நாளு வீட்டுல இருந்தேதான். மாடியில இருக்கறது ஒரே ரூமு. இவன் ஒரு மூலையில மீட்டிங்ல பேசினா, அவ பாத்ரூமுக்குள்ள உக்காந்து மீட்டிங்ல பேசுவா. சிரிக்காதே, நெசமாத்தான். பாத்ரூமுக்குள்ள ஒரு முக்காலி போட்டு வெச்சிருந்தா.

நவநீதன் ரெண்டு தடவ எங்கிட்ட வந்தான். முதல் தடவ நான் தண்ணி மனு எழுதிட்டிருந்தேன். "அம்மா, இதை விட்டுரலாமே"ன்னான். "உனக்கு ஊரு நிலவரம் தெரியாது, நீ உன்ற கம்ப்யூட்டரைப் பாரு"ன்னேன். ரெண்டாவது தடவ மயில் மனு. "அம்மா, அங்க ஆராச்சும் நம்மளை மாதிரி ஆளுங்க வீடு வாங்கியிருந்தா?"ன்னு கேட்டான். "நம்மளை மாதிரி ஆளுங்க இருந்தா நம்மளை மாதிரி தனி வீட்டுலதான் இருப்பாங்க"ன்னு சொன்னேன். பேசாம மாடிக்குப் போயிட்டான். அவங்கப்பன் குணம்.

பத்தா? சரி, சித்தெ ஓய்வெடுங்க. அடுத்தது என்ன அம்மிணி, காலை நேராத் தூக்கறதா? மெதுவா.

அப்புறம் ஒருநாளு ஒரு ரிஜிஸ்டர் தபால் வந்துச்சு. நவநீதன் பேருக்கு. அவன் ஆபீஸ் போயிருந்தான். நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்குனேன். அனுப்புனது சம்பத்குமாரு கம்பெனி. எம்மேல கேஸ் போடறதுக்குப் பதிலா எம்பையன் மேல போட்டுட்டாங்களோன்னு பிரிச்சுட்டேன். பெத்தவதானே, பிரிக்கலாம்.

'தவிர்க்க இயலாத காரணங்களால் திட்டம் கைவிடப்படுகிறது. தாங்கள் முன்பதிவு செய்திருந்த வீடு எண் இரண்டுக்கான தொகை திருப்பி அனுப்பப்படும்'னு இருந்துச்சு. கூடவே பழைய பிளான் நகல். பதினாறு வீட்டுப் பிளானு. அதுல ரெண்டாம் நம்பரைப் பச்சை மையில வட்டம் போட்டிருந்துச்சு. ஓரத்துல நவநீதன் கையெழுத்து. 'பால்கனி கிழக்கே பார்த்து வேண்டும். எதிரே அம்மாவின் சமையலறை ஜன்னல்.'

அவன் சாயங்காலம் வந்ததும் கேட்டேன். "ஏன்டா எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பீங்களாம்மா?"

"நிறுத்தறது என்ன? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்த ரெண்டாம் நம்பரு வீட்டை மட்டும் விட்டுட்டு மிச்சம் பதினஞ்சுக்கும் எழுதியிருப்பேன்ல!"

ஹேமப்பிரியா சிரிச்சா. என்ன சிரிப்புன்னு எனக்குப் புரியல. நவநீதன் சிரிக்கல. காகிதத்தை நாலா மடிச்சுப் பாக்கெட்டுல வெச்சுட்டான்.

அதுக்கப்புறம் மூணு மாசம் இந்த ஏரியாவுல வீடு தேடுனாங்க. தேடாத தெரு கிடையாது. ஒண்ணும் கிடைக்கல. கடைசியில எங்க போயி வாங்கினான் தெரியுமா? உங்கூரு கோவில்பாளையத்துல. கட்டுனது ஆரு? அதே சம்பத்குமாரு! பதினோரு மாசத்துல இருபத்தினாலு வீட்டைக் கட்டி முடிச்சிருக்காரு. கிரகப்பிரவேசத்துக்குப் போனப்ப அவரைப் புடிச்சு நல்லாக் கேட்டேன். "ஏன் தம்பி, இங்க பதினோரு மாசத்துல கட்டத் தெரியுதில்ல? எங்க தெருவுல மட்டும் மூணு வருஷம் இழுத்தடிச்சு ஓடிப் போனீங்களே, அது ஏன்?"

"இங்க ஆரும் மனு குடுக்கலீங்க டீச்சர்"னாரு.

பாவம், அங்கெல்லாம் அவ்வளவா எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க இல்ல போலிருக்குது. உன்னையச் சொல்லல அம்மிணி.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இவரு விழுந்தது உனக்குத் தெரியும். பாத்ரூமுல வழுக்கி, இடுப்பு எலும்பு விட்டுப் போச்சு. காலைல பதினோரு மணி. நான் கத்துன கத்துல தெருவே வந்துருச்சு. ஒம்போது பேரு ஓடி வந்தாங்க. ஓடி வந்தாங்கன்னு சொல்றது சும்மா ஒரு பேச்சுக்கு. எங்க தெருவுல இப்ப அறுபத்தஞ்சுக்குக் கீழ ஆளே கிடையாது. எல்லாருமே புள்ளைங்களை எங்கயோ விட்டுட்டுத் தனியாக் கிடக்கறவங்க. ஒருத்தருக்கு முட்டி வலி, ஒருத்தருக்கு நெஞ்சுல பேஸ்மேக்கரு, எதிர்வீட்டுக் கோமதிக்குக் கழுத்துல பட்டை. ஒம்போது பேரும் சுத்தி நின்னு, "மெதுவா, மெதுவா"ன்னு சொல்றாங்களே ஒழிய, தூக்கறதுக்கு ஒரு ஆளில்ல. இவரு அந்த ஈரத்துல முக்கால் மணி நேரம் கிடந்தாரு. ஆம்புலன்ஸ் பசங்க வந்துதான் தூக்குனாங்க. நவநீதன் வந்து சேர ரெண்டு மணி நேரம். பெல்ட்டு கூடப் போடாம, வீட்டுச் செருப்போட வந்து நின்னான்.

அன்னைக்கு ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்து நினைச்சேன். அந்தப் பதினாறு வீடும் வந்திருந்தா, நாலு பசங்களாவது அன்னைக்கு வீட்டுல இருந்திருப்பாங்கல்ல? எம்பையனே இருந்திருப்பான்ல, ஜன்னல்ல இருந்து ஒரு சத்தம் போட்டா? இதையெல்லாம் யோசிச்சுப் பாக்காம அந்த சம்பத்குமாரு பாட்டுக்கு விட்டுட்டுப் போயிட்டாரு பாரு. ஆறு மனுவுக்கே பயந்தா அவரெல்லாம் என்ன பில்டரு?

அழுகல, தூசி விழுந்துருச்சு.

அடுத்த வாரமே போன் பண்ணுனேன். "தம்பி, திரும்ப ஆரம்பிங்க. பழைய பதினாறு வீடே கட்டுங்க"ன்னேன். நான் சொன்னதையே ரெண்டு தடவ திரும்பச் சொல்லச் சொன்னாரு. பொறவு, "சங்கத்துல ஆட்சேபணை இல்லைன்னு ஒரு லெட்டர் குடுங்க டீச்சர், பாக்கலாம்"னாரு. இவ்வளவுதானேன்னு அவசரக் கூட்டம் போட்டேன். சங்கமே நான்தானே, பதினோரு வருஷமா.

கூட்டத்துல நான் எழுந்து, வீடு இல்லாதவங்க கஷ்டம், இளைய தலைமுறை, அப்படி இப்படின்னு பேசுனேன். நல்லாத்தான் பேசுனேன். முடிச்சதும் அந்தக் கோமதி எழுந்தா. மனு எழுத அவளுக்குச் சொல்லிக் குடுத்ததே நானு. கையில ஒரு ஃபைலு. "டீச்சர், இதைக் கொஞ்சம் கேளுங்க"ன்னு படிச்சா. "'இளவயதினர் பெருமளவில் குடியேறின் இப்பகுதியின் அமைதிக்கும் பண்பாட்டுக்கும் குந்தகம் நேரும் என்பது திண்ணம்.' இது நீங்க எழுதுனதுதானுங்களே?"

என் எழுத்தையே எனக்குப் படிச்சுக் காட்டுறா அம்மிணி! ஒரு சந்திப்பிழை கிடையாது. எல்லாரும் கை தட்டுனாங்க. ஓட்டுக்கு விட்டா, கட்டலாம்னு தூக்குனது ரெண்டே கை. ஒண்ணு என்னுது. இன்னொண்ணு கடைசி வீட்டு ராமானுஜம் சாரு, அவரு டீ வேணும்னு தூக்குனாராம்.

மனுசங்களுக்கு இவ்வளவு சுயநலம் இருக்கும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. நம்ம வீட்டைக் கட்டிட்டோம், இனி ஊருல ஒருத்தன் கட்டக் கூடாதுன்னு நினைக்கறது என்ன புத்தி, சொல்லு?

ஏனுங்க, எதுக்கு இருமறீங்க? தண்ணி வேணுமா?

சம்பத்குமாரு ஆளு மோசமில்ல. நேர்லயே வந்தாரு. "சங்கம் எதிர்த்தாப் பரவால்லீங்க டீச்சர். ரோடு முப்பதடி இருந்துச்சுன்னா பழைய பிளானே போயிரும். ரெண்டடிதான் குறையுது. அந்த ரெண்டடி எங்க இருக்குதுன்னு உங்களுக்கே தெரியும். உங்க சுவரை உள்ள தள்ளி எங்க செலவுலயே புதுசாக் கட்டித் தந்தர்றேன். நவநீதனுக்கு அதே ரெண்டாம் நம்பரு வீடு"ன்னு சொன்னாரு. கூட வந்த ஆளு சுவருக்கு உள்பக்கமா ரெண்டடி அளந்து தரையில சுண்ணாம்பால ஒரு கோடு போட்டான்.

அந்தக் கோட்டைப் பாத்துட்டே நின்னேன். ரெண்டடின்னா எவ்வளவு நினைக்கறே? சொல்றப்பச் சின்னதாத் தெரியும். கோடு போட்டாத்தான் தெரியும். செம்பருத்தி பூராவும் போகும். துணி துவைக்கற கல்லு போகும். சரி, அதெல்லாம் கூடப் போகட்டும். இத்தனை வருஷம் ரோட்டுலதான் இருந்தாங்க டீச்சருன்னு நாளைக்குத் தெரு பேசாதா? அந்தக் கோமதி சும்மா இருப்பாளா? அதுக்கு ஒரு மனு எழுதுவா. கௌரவம்னு ஒண்ணு இருக்குதில்ல?

ஒரு வாளித் தண்ணியை ஊத்தி, விளக்குமாத்தால அந்தக் கோட்டைத் தேச்சு விட்டுட்டேன்.

நவநீதனுக்குப் போன் பண்ணி, "அம்மா எவ்வளவோ போராடிப் பாத்தேன் கண்ணு, சங்கத்துல விட மாட்டேங்கறாங்க"ன்னு சொன்னேன். பொய்யில்லியே? விடலதானே? "சரிம்மா"ன்னான். இவரு அப்பக் கட்டில்ல படுத்திருந்தாரு, இதே இடத்துல. என்னையே பாத்தாரு. அன்னையில இருந்து எங்கிட்ட, காப்பி, மாத்திரை, ஃபேனு, இந்த மூணு வார்த்தைக்கு மேல பேசறதில்ல. ஆபரேஷனுக்குக் குடுத்த மயக்க மருந்து இன்னும் முழுசா இறங்கலன்னு நினைக்கறேன். உங்க டாக்டருகிட்டக் கேட்டுச் சொல்லு.

முடிஞ்சுதா? இன்னைக்குச் சீக்கிரம் முடிச்சுட்டியே. நாளைக்கு ஒம்போது மணிக்கே வந்துரு அம்மிணி.

என்னது? நாளைக்கு வர மாட்டியா? ஏன்? சம்பளம் பத்தலியா?

கோவில்பாளையத்துலயே பாத்துக்கறதுன்னா, ஆரை?

இவரையா?

ஏனுங்க, என்ன சொல்லுது இந்தப் புள்ள? நவநீதன் வீட்டுக்கா? எப்ப? இன்னைக்கேவா? பதினோரு மணிக்கு வண்டியோட வர்றானா? ஆரு முடிவு பண்ணுனது? கட்டிலுக்கு அந்தப் பக்கம் என்ன அது, பையா? வேட்டி, மாத்திரை, கண்ணாடிக் கூடு எல்லாம் வெச்சாச்சா? எப்ப எடுத்து வெச்சீங்க? நேத்து நான் ரேஷன் கடைக்குப் போயிருந்தப்பவா? நீயா அம்மிணி எடுத்துக் குடுத்தே?

இல்ல, நான் கோவிச்சுக்கல. நான் எதுக்குக் கோவிச்சுக்கறேன்? அங்க லிஃப்ட்டு இருக்குது. இந்தப் புள்ள வீடும் அங்கிருந்து நடந்து போற தூரம். பையன் பக்கத்துல இருப்பான். நல்லதுதான். நானே சொல்லலாம்னுதான் இருந்தேன். என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

என்னங்க?

சத்தமாச் சொல்லுங்க.

"உன்ற துணியும் அதுலதான் இருக்குது, மணி."

எத்தனை சேலை வெச்சீங்க? நாலா? நாலு சேலையை வெச்சுட்டு நான் என்ன பண்ணுவேன்? அந்தப் பச்சை ஜரிகை வெச்சீங்களா? இல்லியே. உங்களுக்கு அதெல்லாம் எங்க தெரியும்? இருங்க, நானே எடுத்து வெக்கறேன். வீட்டைப் பூட்டோணும், மோட்டாரை நிறுத்தோணும், பால்காரனுக்குச் சொல்லோணும். மூணு மாசமா, நாலு மாசமா? இவரு நல்லா நடக்கற வரைக்கும்தான். அங்க நமக்கு ஒரு ரூமு இருக்குதாமா? ஹேமப்பிரியாவே ஒழிச்சு வெச்சுட்டாளா? ம்ம். நல்ல புள்ளதான். கொஞ்சம் சிரிப்பு ஜாஸ்தி.

எந்தப் பக்கத்து ரூமு? கிழக்கா? அது நல்ல ரூமு. ஜன்னலைத் தொறந்தா எதிர்ல வெறும் சோளக்காடு. காத்து பிச்சுக்கிட்டுப் போகும். கிரகப்பிரவேசத்தன்னைக்கே பாத்தேன்.

காடு இப்ப இல்லியா? வித்துட்டாங்களா? என்ன வருது அங்க?

வீடா. அட. அதுல நீயும் ஒண்ணு புக் பண்ணியிருக்கியா? உன்ற பேருலயேவா? சந்தோசம் அம்மிணி. இந்த வயசுல சொந்த வீடு ஆருக்குக் கிடைக்குது! அம்மா அப்பாவைக் கூட்டிட்டு வந்து வெச்சுக்கோ, நல்லா இரு.

எத்தனை மாடின்னு சொன்னே?